அட்டையில்லாத பத்திரிகை

"பாக்கியம்மா, இதோட அட்டை எங்கே?"

ஜெயந்தியம்மா இப்படிக் கேட்டபோது என் மடியில் பாதி பிரித்த பத்திரிகை ஒன்று கிடந்தது. கையில் மொட்டைக் கத்தி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடையின் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் காகிதத்தின் புளித்த வாடை கடை முழுக்க.

ஜெயந்தியம்மா நாளிதழ்க் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் ஒரு தாளைப் பிடித்திருந்தார், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல. சின்னத் தாள். சட்டைப் பையில் அடங்கிவிடும். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

"என்னம்மா அது?"

"நீங்களே படிச்சுப் பாருங்கோ."

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வாய் அசையாமல் படிக்க இன்றுவரை வரவில்லை. படித்தேன். "உங்கள் தெருவில் இந்த வாரம் என்ன நடந்தது? எங்களுக்கு எழுதுங்கள். வெளியாகும் ஒவ்வொரு சொல்லுக்கும் சன்மானம் உண்டு." அதன் கீழே ஒரு சொல்லுக்கு எவ்வளவு என்று போட்டிருந்தது. நான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஜெயந்தியம்மாவைப் பார்த்தேன்.

"ஒரு பக்கத்துக்கா இது?"

"இல்லை. ஒரு வார்த்தைக்கு."

கடைசி வரியை அவரே விரலால் காட்டினார். "எங்கள் முகவரி: முன்னட்டையின் உட்பக்கம்."

அந்த முன்னட்டையைத்தான் நான் கிழித்திருந்தேன்.

கிழிப்பதுதான் வேலை

போன வாரம் இந்தப் பகுதியில் என் கல்யாணத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தாராம். எழுதுகிறவர்களுக்கு நன்றாகப் பணம் கொடுக்கிற பத்திரிகைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. என்னிடம் போய்க் கேட்டிருக்கிறாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அப்படி ஒரே ஒரு பத்திரிகையைக் கண்டுபிடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

எங்களுடையது பழைய பேப்பர் கடை. இந்த மலையாள ஊரில் ஆக்ரிக் கடை என்பார்கள். ஸ்ரீவராகத்திலிருந்து மணக்காடு போகிற வழியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் முன்னால் தராசோடு நிற்பார். நான் கட்டுகளுக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் கண்ணில் படவேண்டியதில்லை. எனக்கு அதுதான் சௌகரியம். புது ஆள் வந்து ஏதாவது கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படியே வளர்ந்துவிட்டேன்.

கடைக்கு வரும் பத்திரிகையை அப்படியே மூட்டை கட்ட முடியாது. பின்னை எடுக்கவேண்டும். அட்டையைக் கிழிக்கவேண்டும். உள்தாள் ஒரு சாக்கு, பளபளப்பான அட்டை ஒரு சாக்கு. மில்லில் இரண்டையும் சேர்த்துக் கரைக்கமாட்டார்கள். சாதாரணத் தாளுக்கு நல்ல விலை. பளபளப்புக்கு மட்டமான விலை. எத்தனை அழகான முகம் அட்டையில் சிரித்தாலும் எங்களுக்கு அது மட்டச் சாக்குதான்.

ஒரு நாள் இதை ஜெயந்தியம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்க தொழில்ல நேர்மாறா இருக்கும், கேட்டேளா. எவ்வளவுக்கு எவ்வளவு பளபளப்போ அவ்வளவுக்கு அவ்வளவு எழுதறவாளுக்குக் காசு."

அன்றைக்கு முழுக்க அட்டை கிழிக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கியது.

எடையும் எண்ணிக்கையும்

எழுத்துக்குக் காசு என்பதே எனக்குப் பெரிய அதிசயம். அதுவும் சொல் சொல்லாக.

நான் பிறந்தது போனக்காட்டில், மலை மேல் தேயிலைத் தோட்டத்தில். அம்மா கிள்ளிய கொழுந்தைச் சாயங்காலம் கொட்டகையில் நிறுப்பார்கள். ஈர இலை என்று சொல்லிக் கொஞ்சம் கழிப்பார்கள். அப்போது அம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள், முள்ளுக்குக் கோபம் வந்துவிடக்கூடாது என்பதுபோல. கல்யாணமாகி இறங்கி வந்தேன். இங்கேயும் தராசு. கொழுந்துக்குப் பதில் காகிதம். பிறந்ததிலிருந்து எதையும் நிறுத்துத்தான் காசு பார்த்திருக்கிறேன்.

அப்படியிருக்க, ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து 'மழை' என்று எழுதினால் அதற்கு ஒரு காசு, 'பெய்தது' என்று எழுதினால் இன்னொரு காசு என்றால்? அதற்கு எடையே இல்லையே. ஊதினால்கூடப் பறக்காது, பறக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அப்போ 'ஒரு'ன்னு எழுதினாலும் காசா?" என்று கேட்டேன்.

"ஆமாம், அதுக்கும்."

"அம்மாடி! நான் ஒரு வரிக்கு ரெண்டு 'ஒரு' போடுவேனே."

"அதான் நேக்கு ஒங்களைப் பிடிக்கறது" என்றார்.

ஓணத்துக்குள்

ஜெயந்தியம்மா எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தது எப்படி என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஸ்ரீவராகம் தெருவில் வாடகை வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு நடமாட்டம் குறைவு, சாய்வு நாற்காலிதான். ஜெயந்தியம்மா வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடி கொட்டாமல் இருக்கப் பத்து வழிகள், சுற்றுலா போக ஏழு இடங்கள், அந்த மாதிரி. ஒரு நாள் கம்பெனிக்காரர்கள், இனிமேல் இதையெல்லாம் மெஷினே எழுதிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள்.

சென்னையில் இருக்கிற அண்ணா போன் செய்தார். வீட்டைக் காலி செய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு என்றார். அண்ணா கெட்டவர் இல்லை. ஆனால் அங்கே போனால் ஜெயந்தியம்மாவுக்கு ஓர் அறைகூடத் தனியாகக் கிடையாது. சமையலறையும் அம்மாவின் கட்டிலும்தான். அதைவிட, இந்தத் தெருவை விட்டால் அம்மா பிழைக்கமாட்டார் என்ற பயம் அவருக்கு.

"ஓணம் வரைக்கும் டைம் குடுங்கோன்னு கேட்டிருக்கேன். அதுக்குள்ள மாசா மாசம் ஒழுங்கா காசு தர்ற பத்திரிகை ஒண்ணு கெடைச்சாகணும். கெடைக்கல்லைன்னா கிளம்பிட வேண்டியதுதான், பாக்கியம்மா."

புதுப் பத்திரிகைகளைக் கடையில் வாங்கிப் பார்த்தால் கட்டுப்படியாகாது. எங்கள் கடையில் எல்லா மொழியிலும் எல்லாமும் வரும். மத்தியானம் அம்மா தூங்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அவர் படிக்கிற விதமே வேறு. கதையைப் படிக்கமாட்டார். கடைசிப் பக்கத்தையும் முதல் பக்கத்தையும் பார்ப்பார். எல்லாக் கட்டுரைக்கும் கீழே ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் தள்ளிவைத்துவிடுவார். "இது அவா வீட்டுப் பத்திரிகை, வெளி ஆளுக்கு எடமில்லை." நகைக்கடை விளம்பரம் நிறைய இருந்தால் எடுத்துவைப்பார். "இங்க காசு இருக்கு. தர்றதுக்கு மனசு இருக்கோ என்னவோ." புதுப்புதுப் பெயர்கள் இருந்தால், அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால், கண் மின்னும்.

அப்படித் தேடித்தேடி எழுதி அனுப்பினார். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் அச்சிட்டு, காசுக்குப் பதில் ஒரு பிரதி அனுப்பிவைத்தார். மூன்றாவது ஆள் போனில், "உங்க பேரைப் போடறோமே மேடம், அதுவே பெரிய விஷயம் இல்லையா?" என்றாராம்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு முன்னாலிருந்து குரல் கொடுத்தார். "நானும் நாளைலேந்து பழைய பேப்பர் போடுறவங்க பேரை போர்டுல எழுதி வச்சுட்டு, காசு இல்லன்னு சொல்லிரட்டுமா?"

ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த எண்ணெய்க்கறைத் தாள் கிடைத்தது.

லாரி

"அட்டை மட்டச் சாக்குல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எழுந்த பிறகுதான் நினைவு வந்தது. அன்று மில்லுக்கு லாரி போகிற நாள். சாக்குகள் ஏறிவிட்டிருந்தன. வெளியே லாரிக்காரன் ஷாஜி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான். என் வீட்டுக்காரர் முக்குக் கடையில் சாயா குடிக்கப் போயிருந்தார்.

ஜெயந்தியம்மா செல்போனில் அந்த வரிகளை அடித்துத் தேடிப் பார்த்தார். ஒன்றுமே வரவில்லை. அந்தப் பத்திரிகை இன்டர்நெட்டிலேயே இல்லை. ஓடிப்போய் லாரிக்காரனிடம் கேட்டார்.

"மேடம், கயறு கெட்டிக் கழிஞ்ஞு. இனி எறக்கான் பற்றில்லா. கடைக்காரர் பறயட்டே."

கயிறு கட்டியாயிற்று, கடைக்காரர் சொன்னால்தான் இறக்குவானாம். கடைக்காரர் இல்லை. இருந்தது நான்.

ஷாஜி எத்தனையோ வருடமாக வருகிறான். ஒரு நாளும் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பாட்டுக்கு வருவான், நான் பாட்டுக்குக் கத்தியும் தாளுமாக இருப்பேன். அன்று எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. லாரியின் முன்னால் போய் நின்று, சூடாக இருந்த அதன் மூக்கில் கையை வைத்துவிட்டேன்.

"ஷாஜி, சாக்கை எறக்கு."

இஞ்சினை அணைத்துவிட்டு அவன் தலையை நீட்டினான். "எந்தர் சேச்சி! நாக்கு உண்டாயிருந்தோ?"

"உண்டு. எறக்கு."

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் சாயா கிளாஸோடு வந்தார். "ஏட்டி, நடு ரோட்டுல நின்னு கத்துறது நீதானா? யாரோ சண்டைக்காரின்னு நெனச்சு நான் மெதுவால்லா வாறேன்."

தார்ப்பாயை விரித்து அட்டைச் சாக்குகளைக் கொட்டினோம். நடிகைகள், நகைகள், சாமிகள், பிரியாணி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்தன. தேடவேண்டியது சின்ன அளவு, எண்ணெய் வாடை. ஜெயந்தியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினார். ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். என் வீட்டுக்காரரும் ஒன்றை எடுத்து மோந்துவிட்டு, "இது மீன்காரி வீட்டுப் புத்தகம்" என்று தள்ளினார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

முணுமுணுத்துக்கொண்டே ஷாஜியும் இறங்கி வந்தான். எனக்கு எதிரில் உட்கார்ந்து கிண்டினான். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அட்டைகளைப் பிரித்து ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"கப்பலின்றெ படம் உள்ளதாணோ?"

வீடு வந்து சேர்ந்தவன்

அதேதான்; எண்ணெய்க் கறையும், உட்பக்கத்தில் முகவரியும் போன் நம்பரும் இருந்தன. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்காக நடத்தும் பத்திரிகை அது. தமிழில் கொஞ்சம், மலையாளத்தில் கொஞ்சம், இங்கிலீஷில் கொஞ்சம். "விற்பனைக்கு அல்ல" என்று போட்டிருந்தது. கடலுக்குப் போன யாரோ ஒருவர் லீவில் வரும்போது பெட்டியில் கொண்டுவந்திருக்க வேண்டும். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஜெயந்தியம்மா அங்கேயே, கட்டின் மேல் உட்கார்ந்து போன் செய்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தவர் ஆசிரியரே. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்போலச் சத்தமான குரல்.

"சொல்லுங்கம்மா. ஒங்களுக்குக் கப்பல்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லை சார். நான் ஒரு பழைய பேப்பர் கடையிலேர்ந்து பேசறேன். ஒங்க பத்திரிகை இங்கதான் கெடைச்சுது."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பெரிதாகச் சிரித்தார்.

"பேப்பர் கடைக்கு வந்துட்டுன்னா, எவனோ ஒருத்தன் பத்திரமா வீடு வந்து சேந்துட்டான்னு அர்த்தம். நல்ல சேதிதான்."

ஜெயந்தியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த சன்மானத் தொகை... அச்சுப் பிழை ஒண்ணும் இல்லியே?"

"இல்லம்மா. வெளியில ஒரு புத்தகத்த ஒருத்தன் எத்தன தடவ படிப்பான்? எங்க பயலுவ அடுத்த தொறமொகம் வார வரைக்கும் அதையேதான் படிப்பானுவ. ஒண்ணுவிடாம. அதனால கம்பெனிக்காரங்க சோத்துக்குச் செலவழிக்க மாதிரி இதுக்கும் செலவழிக்காங்க. நல்லா இருந்தா மாசா மாசம் எழுதலாம். மொதல்ல ஒண்ணு அனுப்புங்க, பாப்போம்."

போனை வைத்தார். ஷாஜிகூட லாரியை மறந்து நின்றான். நடுக்கடலில் ஓர் ஆள் உட்கார்ந்து, ஒரே தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். அவனுக்குச் சோறு போல இதுவும் என்கிறார்கள். நான் இத்தனை காலம் எதைக் கிழித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஒன்றும் நடக்காத தெரு

ஜெயந்தியம்மா அன்றே எழுதி அனுப்பினார். ஸ்ரீவராகம் தெருவின் ஏழு சிறப்புகள். கோயில், குளம், பழைய வீடுகள், எல்லாம் அழகாக.

இரண்டாம் நாள் கடையில் இருக்கும்போது ஆசிரியரின் போன் வந்தது.

"நல்லா எழுதியிருக்கியம்மா. ஆனா இதெல்லாம் நெட்டுலயே இருக்கு. நான் கேட்டது வேற. நேத்து ஒங்க தெருவுல என்ன நடந்துது?"

"நேத்தா? ஒண்ணும் நடக்கல்லையே சார்."

"அப்போ அதையே எழுதுங்க. ஒண்ணும் நடக்கலன்னாக்கூட வெயிலடிச்சிருக்கும்லா? யாராவது தெருவுல போயிருப்பாங்கள்லா? அதுதான் வேணும். இந்த எதழ முடிக்கணும், சீக்கிரமா அனுப்புங்க."

ஜெயந்தியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "நேக்கு எழுதவே தெரியல்லை, பாக்கியம்மா. பத்து வழி, ஏழு எடம்னு எழுதி எழுதி, ஒரு தெருவை எப்படிப் பார்க்கறதுன்னே மறந்து போச்சு." அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும். அப்படியே உட்கார்ந்திருந்தார். பால் விடாத கட்டஞ்சாயா ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தேன். மறுபடி என் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாயங்காலம்வரை கட்டின் மேலேயே இருந்தார். அன்றும் ஒன்றும் நடக்கவில்லைதான். மழை பெய்தது. கூரை ஒழுகி ஒரு கட்டு நனைந்தது. அதைப் பிரித்துப் பலகை மேல் பரப்பினேன். ஒரு பாட்டுக்காரர் தன் பழைய பாட்டு நோட்டுகளை விற்க வந்தார். தராசில் வைத்த பிறகு மனம் மாறித் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பூனை ஒன்று காய்கிற தாளின் மேல் படுத்தது, எழுப்பினால் முறைத்தது.

மறுநாள் எழுதிய தாளோடு வந்து என் கையில் கொடுத்தார். "அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க படிங்கோ."

படித்தேன். வாய் அசைத்து, மெதுவாக. எங்கள் கடைதான். எங்கள் கூரை, எங்கள் பூனை. பாட்டுக்காரர் தராசிலிருந்து நோட்டுகளை எடுத்தபோது முள் சட்டென்று மேலே போனதை எழுதியிருந்தார். நான் தினமும் பார்க்கிற முள். அது அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தாளில் படித்தபோது என் நெஞ்சும் அதோடு மேலே போய் வந்தது. கடைசியில், நனைந்த கட்டு சாயங்காலம்வரை காயவில்லை என்று முடித்திருந்தார். எழுந்து போய் அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். என் கட்டு. நானே பரப்பியது. ஆனாலும் காய்ந்துவிட வேண்டுமே என்று கவலையாகிவிட்டது.

"அம்மா, இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் கொடுக்கலாம்" என்றேன்.

ஆசிரியர் எடுத்துக்கொண்டார். காசும் வந்தது. ஆனால் அடுத்த இதழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படிக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாராம். கப்பல்களுக்குப் புத்தகம் போய்ச் சேரவேண்டும், அங்கிருந்து சேதி வரவேண்டும்.

ஓணம் வந்தது. போனது.

தராசோடு போன வீடு

அதற்கடுத்த வாரம் சென்னை அண்ணா வந்துவிட்டார். அவரே எங்கள் கடைக்குப் போன் செய்தார், வீட்டைக் காலி செய்கிறோம், தராசோடு வாருங்கள் என்று.

கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். ஒருவர் வீடு கலைவதைப் பார்க்கிற தொழில் எங்களுடையது, பழகிவிட்டது. ஆனால் அன்று வாசல்படி ஏறும்போது எனக்குக் கால் வரவில்லை.

கூடத்தில் பாத்திரங்கள் ஒரு பக்கம், புத்தகங்கள் ஒரு பக்கம். சாய்வு நாற்காலியில் ஜெயந்தியம்மாவின் அம்மா. எழுதுகிற மேஜையை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து நடுவில் போட்டிருந்தார் அண்ணா.

"மேஜையையும் எடுத்துண்டு போங்கோ. அங்க இதுக்கு எடம் இல்லை."

"மேஜையைத் தொடாதேங்கோ" என்றார் ஜெயந்தியம்மா.

"ஜெயந்தி, ஒரு தடவை காசு வந்துது, சரி. மாசா மாசம் வருமா? ஒன் தெருவுல ஒண்ணும் நடக்கல்லைங்கறதுக்கு எவன் தொடர்ந்து காசு குடுப்பான்?"

ஜெயந்தியம்மா போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். "கார்த்தால வந்தது. இன்னும் முழுசா கேக்கல்லை. பயமா இருந்தது. எல்லாருமா கேப்போம்."

ஆசிரியர் அனுப்பியிருந்த குரல் பதிவுகள் அவை. கப்பல்களில் இருந்து வந்தவற்றைச் சேர்த்து அனுப்பியிருந்தார்.

முதலில் காற்றின் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல், குளச்சல் பக்கத்துப் பேச்சு. "அக்கா, அந்தக் கெட்டு காஞ்சுதா இல்லியா? இஞ்ச எங்களுக்குள்ள பந்தயம் நடக்கு. காயாதுன்னு நான் சொல்லியிருக்கேன். தோத்தா ஒரு மாசம் இவனுக்குத் துணி துவைக்கணும். சீக்கிரம் சொல்லுங்க."

அடுத்தவர் தமிழும் மலையாளமுமாகப் பேசினார். "என் வீடு மணக்காட்டிலாக்கும். அந்தக் கடை எனக்கு அறியும். தகரத்துல மழை விழுற சத்தம் நீங்க எழுதினது கரெக்டாக்கும். ரண்டு நாளா எனக்கு அது காதுல கேக்குது."

இன்னொன்றில் இஞ்சின் சத்தம் மட்டும் வெகுநேரம். பிறகு யாரோ, "ரொம்ப தேங்க்ஸ்" என்றார். அவ்வளவுதான்.

எங்கோ தெரியாத கடலின் காற்று ஸ்ரீவராகத்து வீட்டுக் கூடத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இவாள்லாம் யாருடி?" என்றார் அம்மா.

"படிக்கறவா அம்மா."

ஜெயந்தியம்மா போனை என் வாயருகே கொண்டுவந்தார். "பாக்கியம்மா, பந்தயத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அண்ணா பார்க்கிறார், என் வீட்டுக்காரர் பார்க்கிறார். அந்தத் தம்பி எந்தத் தண்ணீரின் நடுவில் நிற்கிறானோ. "காஞ்சிட்டுது தம்பி" என்றேன். "மறுநாளே காஞ்சிட்டுது. பாவம், துணி துவைக்கணுமே நீ."

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைசிப் பதிவு ஆசிரியருடையது. அதே சத்தமான குரல். "அம்மா, பயலுவ கேட்டதக் கேட்டியள்லா? இனிமே மாசா மாசம் ரெண்டு பக்கம் ஒங்களுக்கு. சன்மானம் அதேதான். ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். வேற எங்கயும் மாறிப் போயிராதீங்க. பயலுவ அந்தத் தெருவுக்குப் பழகிட்டானுவ. தெரு மாறுனா எனக்கு ஆகாது."

அண்ணா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயந்தியம்மா அவரைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பை விடாமல் பிடித்திருந்தார்.

சாய்வு நாற்காலியிலிருந்து அம்மா சொன்னார். "கேட்டியோடா? தெரு மாறப்படாதாம். கடல்ல இருக்கறவா சொல்றா."

அண்ணா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். அம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"வாடகை அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கேன். வேண்டாம்னு நானே சொல்லிடறேன்" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிக்கறேளா?" என்றார்.

மேஜையின் ஒரு பக்கத்தை அவரும், மறுபக்கத்தை என் வீட்டுக்காரரும் தூக்கினார்கள். பழைய இடத்திலேயே, ஜன்னலோரமாக வைத்தார்கள். ஜெயந்தியம்மா ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தார். தெருவில் ஓர் இளநீர்க்காரரும் ஓர் ஆட்டோக்காரரும் வழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தியம்மா நின்றபடியே ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் தராசின் சங்கிலி சத்தம் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் வண்டியோடு வந்தோம்.